மனைக்கு முன்னே வாய்க்கால்

காவிரிப் படுகையில் குடியிருப்புகள் பெருகுவதையும் திறந்தவெளிகள் சுருங்குவதையும் ஆராயத் தஞ்சையில் கூடியிருக்கும் இக்கருத்தரங்கிற்குத் தலைமை ஏற்கும் வாய்ப்பளித்த பொறுப்பாளர்களுக்கு நன்றி. கல்வெட்டறிஞர்களும் நகரமைப்பாளர்களும் பாசனப் பொறியாளர்களும் உழவர்களும் ஓரவையில் அமர்வது அரிது. நால்வருக்கும் பொதுவான ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன்: நிலத்தை மனையாகப் பிரிக்கும்போது முதலில் எதைக் கழிக்க வேண்டும்?

இதற்கு இவ்வூரிலேயே கல்லில் விடை இருக்கிறது. பெரிய கோயிலுக்கு முதலாம் இராசராசன் விட்ட ஊர்களின் கணக்கை எடுத்துப் பாருங்கள். ஓர் ஊரின் மொத்த நிலத்தை அளந்து சொன்னபின், ஊர் நத்தம், கோயில்கள், குளங்கள், ஊரை ஊடறுத்துப் போகும் வாய்க்கால்கள், சேரிகள், சுடுகாடு ஆகியவற்றைக் கழிக்கிறார்கள். எஞ்சிய நிலத்துக்குத்தான் காணிக்கடன் என்னும் நிலவரி நெல். சோழர் செப்பேடுகளிலோ கன்று மேய்பாழும் ஓடையும் புற்றும்கூடப் பெயர் சொல்லிக் குறிக்கப்படுகின்றன. பயிரிடாத நிலத்துக்கும் கணக்கில் ஓர் இடம் இருந்தது.

பழமையை மெச்சுவதற்காக இதைச் சொல்லவில்லை. அதே கல்வெட்டுகளில் சேரி தனி, சுடுகாடு தனி. பொதுவென்று விட்ட இடமும் எல்லோருக்கும் பொதுவாக இருக்கவில்லை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கணக்கின் வரிசையை மட்டுமே. அந்தச் சமூகத்தின் வரிசையை அன்று.

இன்றைய வரிசை என்ன? 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலைகள் நீங்கலாக 10 விழுக்காட்டு இடத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதித் தர வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை இடத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பில் பணமாகக் கட்டவும் வழியுண்டு. 3,000க்குக் கீழே ஒதுக்கீடே இல்லை.

இந்த எல்லையைத் தஞ்சை அளவையில் சொல்லிப் பார்ப்போம். 3,000 சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய 74 சென்ட். நம் பக்கம் பாகப்பிரிவினையில் பிள்ளைகளுக்கு வருவது இரண்டு மா, மூன்று மா. இரண்டு மா என்பது 66 சென்ட் சொச்சம். விதியின் எல்லைக்குள் வராது. அப்படி நாலைந்து பங்காளிகள் அடுத்தடுத்த ஆண்டுகளில் தனித்தனியே மனை போட்டால், ஒரு தெருவே உருவாகும். குழந்தைகள் ஓடியாட ஒரு குழி நிலம்கூட மிஞ்சாது. பெரிய மனைப்பிரிவுகளிலும் முதலில் மனைகளைக் கோடு போட்டுவிட்டு, விற்பனைக்கு உதவாத கோணல் மூலையில் 'பூங்கா' என்று பலகை நடுவதுதான் எளிதாக இருக்கிறது.

இடம் போவதைவிடப் பெரிய இழப்பு தண்ணீர் வழி போவது. படுகை நிலம் சமதளம். வாட்டம் மிகக் குறைவு. வயலுக்குத் தண்ணீர் கொடுக்க ஒரு வாய்க்கால் வேண்டும், வாங்கிக்கொள்ள ஒரு வடிகால் வேண்டும். நடு வயலில் மனை போடுகிறவர் முதலில் மண் அடித்து மூன்று நான்கடி மேடாக்குகிறார். வாய்க்கால் குறுக்கே வந்தால் ஒரு சிமென்ட் குழாயைப் பதித்து மூடுகிறார். கார்த்திகை அடைமழையில் அந்தக் குழாயில் வைக்கோலும் நெகிழிப் பையும் அடைத்துக்கொள்ள, பக்கத்து வயலில் சம்பாப் பயிர் மூழ்கிக் கிடக்கும். விளைச்சல் கெட்ட அந்த உழவரும் அடுத்த ஆண்டு தரகரிடம் பேசத் தொடங்குவார். ஒரு மனைப்பிரிவு அடுத்ததை இப்படித்தான் ஈனுகிறது.

2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். எண்ணெய், எரிவாயு எடுப்பு, தோல் பதனிடுதல், உலோக உருக்காலை போன்றவற்றை அது தடுக்கிறது, வரவேற்போம். ஆனால் அதன் தடைப் பட்டியலில் வீட்டுமனை இல்லை. துளைக்கருவி வராத வயலுக்குள் கொடி கட்டிய மனைக்கல் வருகிறது.

நகருக்குள்ளும் பாடம் உண்டு. செவ்வப்ப நாயக்கர் பெயரால் வழங்கும் ஏரியில் தேங்கிய மழைநீர், நிலத்தடி வழிகள் மூலம் சிவகங்கைக் குளத்துக்கும், பிறகு கோட்டைக்குள் இருந்த குளங்களுக்கும் போனது. இன்று அந்தப் பெயர் ஒரு குடியிருப்பின் முகவரி. குளத்தை மட்டும் தூர்வாரிப் படிக்கட்டு கட்டினால் அழகு வரும். வரத்து வாய்க்கால் இல்லாமல் தண்ணீர் வராது.

வீடு கட்டாதீர்கள் என்று யாருக்கும் சொல்ல முடியாது. குடியிருக்க இடம் கேட்பது நியாயம். எனவே இக்கருத்தரங்கின் அமர்வுகள் மூன்று பணிகளை ஏற்க வேண்டுகிறேன். கல்வெட்டு, வருவாய் ஆவண ஆய்வாளர்கள், பழைய கணக்கையும் வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டையும் புல வரைபடத்தையும் ஒப்பிட்டு, ஊர்வாரியாக வாய்க்கால், வடிகால், குளம், மேய்க்கால் பட்டியல் தயாரியுங்கள். நகரமைப்பாளர்கள், நன்செய் மனைப்பிரிவில் நீர்வழியையும் அதன் இரு கரைகளையும் முதலில் வரைந்து, திறந்தவெளி ஒதுக்கீட்டை அதை ஒட்டியே வைக்கும் விதியை எழுதித் தாருங்கள். ஒரே வாய்க்காலை ஒட்டி அமையும் சிறு மனைப்பிரிவுகளைச் சேர்த்துக் கணக்கிடும் முறையையும் காணுங்கள். பொறியாளர்கள், மேடாக்கும் மண்ணுக்கு ஓர் உயர வரம்பும், குழாய்க்குப் பதிலாகத் திறந்த பாலமும் எவ்வளவு தேவை என்று அளந்து சொல்லுங்கள்.

மனை வாங்கும் பொதுமக்களுக்கும் ஒரு சொல். நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டிடிசிபி) அனுமதி உண்டா என்று கேட்கிறீர்கள்; நல்லது. மழைநீர் எந்த வடிகாலில் போய்ச் சேர்கிறது என்பதையும் அதே மூச்சில் கேளுங்கள். அந்த வடிகாலைக் காட்ட முடியாத இடத்தில் முன்பணம் கொடுக்காதீர்கள். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.