மின் சிகரெட்டும் சுகாதார ஊழியரின் கடமையும்

(செட்டியார்பட்டியில் பேரூராட்சி உறுப்பினர்கள், விவசாயிகள் முன்னிலையில் சுகாதார ஊழியர் சார்பில் நிகழ்த்திய உரை)



பீடி, சிகரெட், புகையிலை ஆகியவற்றின் கேடுகளைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். இன்று நாங்கள் பேச எடுத்துக்கொண்டது மின் சிகரெட். பேனாவைப் போன்ற இச்சிறு கருவியில் மின்கலமும், சூடேறும் கம்பிச்சுருளும், நிகோடின் கலந்த திரவமும் உள்ளன. சூடேறிய திரவம் ஆவிபோல் எழ, அதனை உள்ளிழுக்கின்றனர்.

"இதனால் தீங்கு உண்டா? பீடியை விட்டொழிக்க இது உதவுமா?" என்று மக்கள் வினவினால் விடையளிக்க வேண்டியவர்கள் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரும் கிராம சுகாதாரச் செவிலியருமே. அவர்தம் விடை பிழையானால் ஊரே பிழையாக நம்பும். ஆகவே எங்கள் அறிவைச் சீர்செய்துகொள்வது முதற் கடமையாகும்.

இது வெறும் நீராவி என்பது ஒரு தவறான எண்ணம். அசுவினிப் பூச்சிக்குப் புகையிலைக் கஷாயம் தெளிக்கும் வழக்கத்தை உழவர்கள் அறிவீர்கள். அப்பூச்சியைக் கொல்லும் நிகோடினே இத்திரவத்திலும் உள்ளது. அது இளைஞரை எளிதில் அடிமையாக்கும். வளரும் மூளைக்கும் கருவிலுள்ள குழந்தைக்கும் கேடு செய்யும். குழந்தைகள் அத்திரவத்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

நிகோடினே புற்றுநோயை உண்டாக்குகிறது என்பது மற்றொரு தவறான எண்ணம். அமெரிக்க மருத்துவரிடையே நடந்த ஓர் ஆய்வில் பெரும்பாலோர் இவ்வாறே கருதினர். உண்மையில் புகைப்போருக்குப் புற்றுநோய் வருவது பெரிதும் புகையிலுள்ள நச்சுப் பொருள்களால்தான். இதனை அறியாத மருத்துவர், புகைப்பழக்கத்தை விட உதவும் நிகோடின் மெல்லும் பசையைப் பரிந்துரைக்கத் தயங்குவார். நோயாளி பீடியிலேயே நின்றுவிடுவார்.

மருத்துவ உலகில் கருத்து வேற்றுமை உண்டு என்பதையும் மறைக்கலாகாது. பிரிட்டனில் திரவத்தின் நிகோடின் அளவுக்குச் சட்ட வரம்பு வகுத்து, முன்னரே புகைப்பவர் அப்பழக்கத்தை விடுவதற்கு மட்டும் இக்கருவியை ஒரு துணையாக ஏற்றுள்ளனர். நம் நாட்டிலோ இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2019 மே மாதத்தில் முழுத்தடையைப் பரிந்துரைத்தது. தமிழக அரசு 2018-லேயே தடை விதித்திருந்தது. 2019-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி இதனை விற்பவருக்கு முதற் குற்றத்திற்கு ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆகவே இங்கு இரகசியமாகக் கிடைக்கும் திரவத்தில் என்ன கலந்துள்ளது என்பதை எவரும் உறுதி கூற இயலாது. அமெரிக்காவில் 2019-இல் பரவிய நுரையீரல் நோயால் 2020 பிப்ரவரிக்குள் 68 பேர் மாண்டனர். கஞ்சாச் சத்துள்ள கள்ளத் திரவங்களில் சேர்த்த வைட்டமின் ஈ அசிடேட் என்னும் பொருளே அதற்கு முக்கிய காரணமாகக் கண்டறியப்பட்டது.

அறிவோடு மனப்பான்மையும் திருந்த வேண்டும். உதவி நாடி வரும் இளைஞனை வைதால் அவன் மறுமுறை வரமாட்டான். அவனைக் குற்றவாளியாகக் கருதாது, பரிவுடன் விசாரித்து வழிகாட்டுவதே எங்கள் பணி. 1800-11-2356 என்னும் இலவசத் தொலைபேசியிலும் ஆலோசனை பெறலாம்.

பேரூராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளிகளின் அருகே இப்பொருள் விற்கப்படுவதாக அறிந்தால் உடனே காவல்துறைக்குத் தெரிவியுங்கள். வெளியூரில் படித்தும் உழைத்தும் திரும்பும் பிள்ளைகளிடம் பெற்றோர் அன்புடன் பேசட்டும். ஐயம் எழுந்தால் சுகாதார நிலையத்திற்கு வாருங்கள். மிகையுமின்றிக் குறையுமின்றி உண்மையை உரைப்போம். ஊரின் ஒத்துழைப்பு இருப்பின் இப்பழக்கம் வேரூன்றுமுன் களைந்துவிடலாம்.