அணியின் மதிப்பும் ஆக்கியவர் பெயரும்

(நூம்பலில் கூடிய விழா அவையில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

ஐம்பெருங்காப்பியங்கள் எனத் தமிழுலகம் போற்றும் ஐந்து நூல்களும் அணியோடும் மணியோடும் இயைந்த பெயர்களையே தாங்கி நிற்கின்றன. காலுக்குச் சிலம்பு, இடைக்கு மேகலை, கைக்கு வளை, காதுக்குக் குண்டலம், இவற்றோடு ஒளிவிடும் சிந்தாமணி. தோலாமொழித்தேவர் இயற்றிய சூளாமணி முடிமணியின் பெயர் பெற்றது. இல்லறத்தார்க்குரிய ஒழுக்கத்தைக் குறட்பாவில் எடுத்துரைக்கும் சமண நூலுக்கோ அருங்கலச்செப்பு என்றே பெயர். செப்பு என்பது நகைப்பேழை. அணிகலனைத் தமிழ்ச் சான்றோர் எத்துணை உயர்வாக மதித்தனர் என்பதற்கு இப்பெயர்களே சான்று.

ஆயின், அணிகலனை மதித்த சமுதாயம் அதை ஆக்கியவனை மதித்ததா என்னும் வினா எழுகிறது. இன்றைய உரையின் பொருள் அதுவே.

பொற்கொல்லர் மீது விழுந்த பழி

இளங்கோவடிகள் நகைத்தொழிலின் நுட்பத்தை முற்றும் அறிந்தவர். கடலாடு காதையில் மாதவி பூண்ட அணிகள் கால்விரல் முதல் தலைவரை வரிசையாகச் சொல்லப்படுகின்றன. ஊர்காண் காதையில் மதுரையின் மணிக்கடை வீதி விரிகிறது. ஒன்பது வகை மணிகளின் குணமும் குற்றமும் அங்கே பேசப்படுகின்றன. பொன்னிலும் சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் என நான்கு வகை கூறப்படுகின்றன. தொழிலை அருகிருந்து காணாத ஒருவரால் இவ்வாறு பாட இயலாது.

அதே காப்பியத்தில்தான் அரசவைப் பொற்கொல்லன் ஒருவன் தன் களவை மறைக்கக் கோவலன் மீது பழி சுமத்துகிறான். பழி செய்தவன் ஒருவன். ஆனால் தண்டனை அவனோடு நின்றதா? கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டுக் கண்ணகிக்கு வேள்வி செய்தான் என்று அக்காப்பியமே கூறுகிறது. ஒருவன் செய்த தீங்குக்கு ஆயிரம் குடும்பங்கள் அழிந்தன என்னும் அச்செய்தி, கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்டோர் நெஞ்சை ஒருகணம் நிறுத்த வேண்டிய செய்தி. தாயின் பொன்னிலும் தட்டான் மாப்பொன் எடுப்பான் என்னும் பொருள்பட இன்றளவும் வழங்கும் பழமொழியும் அந்த ஐயத்தின் எச்சமே ஆகும்.

அவர்தம் பெருமையைக் கூறும் சான்றுகள் மண்ணுக்குள்ளும் கடல் கடந்தும் கிடைத்துள்ளன. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் மணிகளை அறுத்தும் துளையிட்டும் மெருகேற்றிய தொழிற்கூடங்களின் தடயங்கள் அகழாய்வில் வெளிப்பட்டன. தாய்லாந்தின் தென்பகுதியில், கிராபி மாகாணத்தைச் சேர்ந்த குவான் லுக் பட் என்னுமிடத்தில், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த சிறு உரைகல் ஒன்று கிடைத்தது. கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டினது எனக் கருதப்படும் அக்கல்லில் உள்ள வாசகத்தைப் ‘பெரும்பத்தன் கல்’ என்று அறிஞர் படித்துள்ளனர். பத்தன் என்பது பொற்கொல்லனைக் குறிக்கும். இன்றும் ஊர்ப்புறங்களில் நகை செய்பவரைப் பத்தர் என்றே அழைக்கின்றனர். உரைகல் என்பது மாற்றுக் காணும் கருவி. தன் பெயரையே அதில் பொறித்து ஒருவர் கடல் கடந்து சென்றார் எனின், அப்பெயர் நேர்மைக்கு உறுதியாக விளங்கியது என்பதில் ஐயமில்லை.

தொழில் கண்ட அலைகள்

விடுதலைக்குப் பின் பொற்கொல்லர் வாழ்வைப் புரட்டிப்போட்ட முதல் அலை 1963இல் வந்தது. சீனப் போருக்குப் பின் அந்நியச் செலாவணியைக் காக்கும் நோக்குடன் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தன. 14 காரட்டுக்கு மேற்பட்ட தூய்மையில் புதிய நகை செய்யத் தடை விதிக்கப்பட்டது. 22 காரட்டில் பழகிய கைகள் வேலையின்றி நின்றன. பலர் வேறு தொழில் தேடிச் சென்றனர். உயிரை மாய்த்துக்கொண்டோரும் உண்டு. பின்னர் 1968இல் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990இல்தான் நீக்கப்பட்டது. அதற்குள் ஒரு தலைமுறை தன் பிள்ளைகளைப் பட்டறையிலிருந்து விலக்கிவிட்டது.

அடுத்த அலை கண்ணுக்குத் தெரியாமல் வந்தது. நகையின் பகுதிகளை இணைக்கப் பற்றாசுப் பொடி வைத்து ஊதுவது பழைய முறை. அப்பொடியில் செம்பும் வெள்ளியும் கலந்திருப்பதால், நகையை உருக்கும்போது மாற்றுக் குறையும். இக்குறையைத் தவிர்க்கக் காட்மியம் என்னும் உலோகத்தைப் பற்றவைப்பில் பயன்படுத்தினர். அதுவே ‘கே.டி.எம். நகை’ என விளம்பரங்களில் தூய்மையின் அடையாளமாக வலம்வந்தது. வாங்கியவர்க்கு மாற்றுக் குறையவில்லை. ஆனால் உருகிய காட்மியத்தின் புகை ஊதுகுழல் பிடித்த பத்தரின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்தது. அதன் நச்சுத்தன்மை கருதியே இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஹால்மார்க் நகைகளில் காட்மியத்தை விலக்கியது. அணிபவர் கழுத்தில் ஒளிர்ந்த தூய்மைக்கு ஆக்கியவர் மூச்சு விலையாயிற்று என்பதை அறநெறியில் நிற்போர் மறத்தல் ஆகாது.

மூன்றாவது அலை இயந்திரம். கணினியில் வரைந்து, மெழுகில் அச்செடுத்து, ஒரே வார்ப்பில் பல நூறு நகைகளைப் பெறும் முறை இன்று பரவியுள்ளது. இதனைப் பழிப்பதில் பயனில்லை. எளியோர்க்கும் நகை எட்டியது இதனால்தான். ஆயினும், இயந்திரம் செய்யக்கூடியதையே கையாலும் செய்து போட்டியிடும் பத்தர் தோற்பது உறுதி. இயந்திரத்தால் இயலாத வடிவும் நுணுக்கமும் வேண்டும் என்று கேட்பவர் இருந்தால் மட்டுமே கைவினை நிலைபெறும்.

புதுமை என்பது யாது?

இக்கால அணிகலன் என்றதும் மரபைத் துறந்த ஏதோ ஒன்று எனப் பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. நாகர்கோவில் வடசேரியின் கோயில் நகைகளே அதற்குச் சான்று. வெள்ளித் தகட்டில் கூடுகட்டி, அரக்கு நிரப்பி, சிவப்புக் கெம்புக் கற்களைப் பதித்து, அவற்றைச் சுற்றித் தூய பொற்றகட்டை அழுத்தி ஒட்டும் தொழில் அது. இறையுருவங்களுக்கென்று உருவான அவ்வேலைப்பாடு 20ஆம் நூற்றாண்டில் பரதநாட்டியக் கலைஞர்களின் நெற்றிக்கும் இடைக்கும் வந்தது. பின்னர் மணப்பெண்ணின் அணியாயிற்று. நாகர்கோவில் கோயில் நகைகளுக்குப் புவிசார் குறியீடும் வழங்கப்பட்டுள்ளது. பழைய நுட்பம் புதிய பயனைக் கண்டமையால் பிழைத்தது. இதுவே உண்மையான புதுமை.

உலகின் பிற பகுதிகளிலும் இச்சிந்தனை வளர்ந்தது. 1960களில் நெதர்லாந்தின் கெய்ஸ் பக்கர், எம்மி வான் லேர்சம் இணையர் அலுமினியத்தில் கழுத்தணிகளைச் செய்து காட்டினர். அணியின் மதிப்பு உலோகத்தின் விலையில் இல்லை, அதனை ஆக்கியவரின் சிந்தனையில் உள்ளது என்பதே அவர்கள் கூறிய செய்தி. தமிழ்நாட்டில் அச்செய்தி எளிதில் ஏற்கப்படவில்லை. டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் இணைந்து தொடங்கிய டைட்டன் நிறுவனம், 1990களில் ஓசூரிலிருந்து தனிஷ்க் நகைகளைக் கொண்டுவந்தபோது, கற்கள் பதித்த 18 காரட் நகைகளையே முன்வைத்தது. வாங்குவோர் தயங்கினர். 22 காரட்டுக்குத் திரும்பிய பிறகே அது வளர்ந்தது. பொன்னைச் சேமிப்பாகவே கருதும் மனப்பாங்கு அத்துணை ஆழமானது.

அம்மனப்பாங்கில் நியாயம் உண்டு. நெருக்கடியில் ஒரு குடும்பத்துக்குக் கைகொடுப்பது பெண்ணின் நகையே. ஆனால் சேமிப்பு வேறு, அணி வேறு. சேமிக்க வேண்டுமெனில் நாணயமாகவோ கட்டியாகவோ வாங்கலாம். அதில் செய்கூலி மிகக் குறைவு. அணிவதற்கென வாங்குவதை எடை குறைத்து, வேலைப்பாடு மிகுத்து வாங்கலாம். ஒரு சவரன் விலை 2025ஆம் ஆண்டு சனவரியில் 60,000 ரூபாயையும், ஏப்ரலில் 70,000 ரூபாயையும் கடந்தது. ஆசையால் இல்லாவிடினும் விலையால் எடை குறையத்தான் போகிறது.

எடைக்குக் கூலியா, வேலைக்குக் கூலியா?

இங்கேதான் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உள்ளது. பல பட்டறைகளில் பத்தருக்குக் கூலி கிராம் கணக்கில் தரப்படுகிறது. நான்கு சவரன், அதாவது 32 கிராம் எடையில் செய்த ஆரத்தை, இன்று ஒன்றரைச் சவரனில், அதாவது 12 கிராமில் கேட்கிறார்கள். எடை குறையக் குறைய வேலை நுணுகும். மெல்லிய கம்பி, சிறிய பூ, கண்ணுக்கு மிகுந்த சோர்வு. ஆனால் கிராமுக்கு அதே கூலி எனில், அவர் பெறுவது முன்பு பெற்றதில் எட்டில் மூன்று பங்கே. வேலை கூடியது, கூலி குறைந்தது. எடை குறைந்த புது நகையைப் போற்றினால் மட்டும் போதாது. அதற்குரிய கூலிமுறையும் மாறினாலன்றி அப்போற்றுதல் பத்தருக்குத் தீங்காகவே முடியும்.

‘செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை’ என்னும் விளம்பரத்தைக் கேட்டு மகிழாதவர் இல்லை. அச்சொற்களை ஒருமுறை நிறுத்திப் படித்தால், செய்தவர்க்குக் கூலி இல்லை என்பது போலவே ஒலிக்கிறது. உண்மையில் எவரும் கூலியின்றி நகை செய்வதில்லை. அது வேறு கணக்கில் ஒளிந்திருக்கும், அல்லது பட்டறையில் குறைக்கப்பட்டிருக்கும். கடையில் செய்கூலி என்று வாங்கப்படும் தொகை முழுவதும் பட்டறைக்குச் சென்று சேர்வதும் இல்லை. வாடகை, விளம்பரம், இடைநிற்போர் பங்கு எனப் பல உண்டு. ஆகவே செய்கூலியை முகம் கோணாமல் தருவது முதற்படி. அது எவர் கைக்குச் செல்கிறது எனக் கேட்பது இரண்டாம் படி.

கள்ளாமை என்னும் அணுவிரதத்துக்குக் குற்றமாகச் சான்றோர் வகுத்தவற்றுள் குறைத்து அளத்தலும், தாழ்ந்ததைக் கலந்து விற்றலும் அடங்கும். முன்பு அவை விற்பவர்க்கு உரைத்தனவாகவே கொள்ளப்பட்டன. உழைப்பை அளக்கும் துலாக்கோல் வாங்குபவர் கையிலும் உள்ளது என்று எண்ணிப் பார்த்தால், அவ்வறம் இருபாலார்க்கும் பொருந்தும்.

பொன்னின் தூய்மைக்கு இன்று உறுதி கிடைத்துவிட்டது. 2021 சூன் 16 முதல் ஹால்மார்க் படிப்படியாகக் கட்டாயமாயிற்று. 2023 ஏப்ரல் முதல் ஒவ்வொரு நகைக்கும் ஆறு இலக்க அடையாள எண் உண்டு. ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அதனை எவரும் சரிபார்க்கலாம். 22 காரட்டுக்கு 916, 18 காரட்டுக்கு 750 என்று தூய்மை பொறிக்கப்படுகிறது. ஆனால் செய்தவர் பெயர் எங்கும் இல்லை. இங்கிலாந்தில் 1363ஆம் ஆண்டிலேயே ஒவ்வொரு பொற்கொல்லரும் தமக்கென ஒரு முத்திரை வைத்திருக்க வேண்டும் எனச் சட்டம் வகுத்தனர். உரைகல்லில் பெயர் பொறித்த மரபுக்கு உரியவர்களின் வழித்தோன்றல்கள் இன்று பெயரற்றவர்களாய் இருப்பது பொருந்துமா?

இல்லந்தோறும் செய்யத்தக்கவை

பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் கடைத்தெருக்களில் பெருங்கடைகளின் விளக்கொளி மிகுந்துள்ளது. நூம்பலில் வாழும் குடும்பங்கள் திருமணத்துக்கு நகை எடுக்கத் தியாகராய நகர் வரையும் செல்கின்றன. அவ்வழக்கத்தை ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. திருமணத்துக்கு எடுக்கும் நகைகளுள் ஒன்றையாவது நேரே ஒரு பத்தரிடம் செய்யக் கொடுக்கலாம். மூன்று திங்களுக்கு முன்பே சொல்லி, முன்பணம் தந்து, வேலைக்கு இன்ன கூலி என எடையைச் சாராமல் பேசி முடிக்கலாம். முடிந்த நகையை ஹால்மார்க் மையத்தில் பதிவுபெற்றவர் வழியே முத்திரையிட்டுப் பெறலாம். அதனால் இருபுறமும் ஐயம் நீங்கும்.

பாட்டியின் அட்டிகையை உருக்கி எடைக்கு எடை மாற்றும்முன், அதனைப் பிரித்துப் புதிய வடிவில் கோத்துத் தர இயலுமா என ஒரு பத்தரைக் கேட்கலாம். உருக்கினால் அழிவது அவ்வேலைப்பாடு மட்டுமன்று, அதைச் செய்த கையின் நினைவும்தான். வெள்ளியிலும் சுடுமண்ணிலும் செய்த அணிகளை இளம்பெண்கள் விரும்பி அணிவதைப் பெற்றோர் குறைவாகக் கருதாமல் ஊக்குவிக்கலாம்.

நகைத்தொழில் செய்வோர்க்கு அரசின் உதவியும் உண்டு. 2025 ஏப்ரலில் அண்மையிலுள்ள குன்றத்தூரில் தொடங்கப்பெற்ற கலைஞர் கைவினைத் திட்டத்தில் 25 தொழில்கள் இடம்பெற்றுள்ளன. நகை செய்தலும் அவற்றுள் ஒன்று. 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 விழுக்காடு, அதிகமாக 50,000 ரூபாய் வரை மானியமும், 5 விழுக்காடு வட்டி மானியமும் வழங்கப்படுகின்றன. விண்ணப்பம் எழுதத் தெரியாமல் பட்டறையிலேயே இருந்துவிடும் பத்தருக்கு, படித்த இளைஞர் ஒருவர் ஒருநாள் ஒதுக்கி உதவினால் அதுவும் தானமே. அறக்கட்டளைகள் தம் விழா நாள்களில் கைவினைஞர் சிலருக்கு ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் கட்டணமின்றித் தரலாம். அங்கே நகை மட்டுமன்றி, செய்தவரின் முகமும் பெயரும் அறிமுகமாகும்.

நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் ஆகிய மும்மணிகளே உயிர்க்கு அணி என்பது சமணர் கொள்கை. புற அணியைக் குறைவாகக் கொள்க என்பதும் அதனுள் அடங்கும். குறைவாகக் கொள்வதை நல்லதாகக் கொள்க; அதனைச் செய்தவர் பெயரைக் கேட்டுக் கொள்க. அடுத்த திருமணத்துக்கு நகைச்சீட்டு எழுதும்போது, எடைக்கும் விலைக்கும் கீழே ஆக்கியவர் பெயருக்கும் ஒரு வரி இருக்கட்டும்.