முடிவை எழுதியது யார்?

‘தி வீல் ஆஃப் டைம்’ நாவல் வரிசையில் பதினொரு பாகங்கள் வந்திருந்த நிலையில், 2007 செப்டம்பர் 16 அன்று ராபர்ட் ஜோர்டன் காலமானார். பன்னிரண்டாவதுதான் கடைசி, எவ்வளவு பருத்தாலும் ஒரே புத்தகமாகத்தான் வரும் என்று அவர் பிடிவாதமாகச் சொல்லிவந்தார். இதயத்தைத் தாக்கும் அமிலாய்டோசிஸ் என்ற அரிய நோய் அதற்கு இடம்கொடுக்கவில்லை.

ஜோர்டன் என்பது புனைபெயர். சொந்தப் பெயர் ஜேம்ஸ் ஆலிவர் ரிக்னி ஜூனியர். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரத்தவர். வியட்நாம் போரில் ஹெலிகாப்டரில் துப்பாக்கி பிடித்தவர். 1990இல் முதல் பாகத்தை வெளியிட்டபோது ஆறு பாகங்களில் கதை முடியும் என்றுதான் திட்டம். கதை கேட்கவில்லை.

கடைசி வாரங்களில் அவர் வீட்டாரைச் சுற்றி உட்கார வைத்து மிச்சக் கதையைச் சொன்னார். குறிப்புகளும் ஒலிப்பதிவுகளும் எஞ்சின. முடிவுக் காட்சியைத் தாமே எழுதி வைத்திருந்தார். அவற்றுக்குப் பொறுப்பேற்றவர் மனைவி ஹாரியட் மெக்டூகல். வரிசை முழுவதற்கும் பதிப்பாசிரியர் அவரே. அத்தியாயத் தலைப்புகள்கூட அவர் இட்டவை. பிராண்டன் சாண்டர்சன் என்ற இளம் எழுத்தாளர் ஜோர்டனுக்கு எழுதிய அஞ்சலி ஹாரியட்டின் கண்ணில் பட்டது. சாண்டர்சனின் ‘மிஸ்ட்பார்ன்’ நாவலையும் படித்துப் பார்த்துவிட்டு, வேலையை அவரிடமே ஒப்படைத்தார். பாணபட்டர் பாதியில் விட்ட ‘காதம்பரி’யை அவருடைய மகன் முடித்தது போன்ற கதைதான், இங்கே முடித்தவர் மகன் அல்ல, வாசகர்.

அந்த ஒரே புத்தகம் மூன்றாகியது. 2009, 2010ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்கள் வந்தபின், 2013 ஜனவரி 8 அன்று பதினான்காவதும் இறுதியுமான ‘எ மெமரி ஆஃப் லைட்’ வெளியானது. மின்னூல் ஏப்ரலில்தான் வரும் என்றதும் பொறுமையிழந்த வாசகர்கள் சிலர், புத்தகத்தைப் பிரிக்காமலேயே ஒற்றை நட்சத்திரம் கொடுத்துக் கோபத்தைத் தீர்த்துக்கொண்டார்கள்!

900 பக்கங்களைத் தாண்டும் அந்நூலில் ‘கடைசிப் போர்’ என்னும் ஒரே அத்தியாயம் ஏறத்தாழ இருநூறு பக்கம் ஓடுகிறது. பத்தி முடிவதற்குள் ஆள் மாறுகிறது, களம் மாறுகிறது. பல பாகங்களாகப் பழகிய பாத்திரங்கள் இரண்டு வரியில் சாகிறார்கள். வாசகருக்கு மூச்சு முட்டும். முட்டத்தான் வேண்டும்: போரை வரைபடமாகக் காட்டாமல் அதன் களைப்பை உணர வைப்பதில்தான் இந்த அத்தியாயத்தின் வெற்றி இருக்கிறது.

குறைகளும் உண்டு. முதல் பாகத்தில் ஊருக்கு வண்டி ஓட்டிவந்த வியாபாரி பேடன் ஃபெயின், பாகம் பாகமாக வளர்ந்த வில்லன். அவனுடைய கணக்கை இங்கே ஓரிரு பக்கத்தில் தீர்த்துவிடுகிறார்கள். சூதாடி மேட்டின் கிண்டல் பேச்சில் ஜோர்டனின் சாயல் குறைகிறது. தாம் ஏற்ற முதல் பாகத்தில் மேட் சரியாக அமையவில்லை என்று சாண்டர்சனே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் ஜோர்டனின் நடையை அவர் அப்படியே நகலெடுக்க முனையவில்லை. அது நேர்மையான முடிவு. இரவல் குரலில் மூன்று பெரிய புத்தகங்களை யாராலும் தாங்க முடியாது.

இன்னொரு சிக்கல், கதையிலேயே இருந்தது. யுகங்கள் சுழன்று சுழன்று திரும்பும் உலகம் இது. இந்தியக் காலக் கருத்தின் சாயல் வெளிப்படை. சக்கரத்துக்கு முடிவேது? ஒவ்வொரு பாகத்தின் முதல் அத்தியாயமும் எங்கோ எழும் ஒரு காற்றோடு தொடங்கும். கடைசிப் பாகம் அந்தக் காற்றை இறுதியிலும் வீசவிடுகிறது. நாயகன் ராண்டின் புகைக்குழாய் எப்படிப் பற்றிக்கொண்டது என்பதையும் ஜோர்டன் எழுதிய அந்தக் காட்சி சொல்வதில்லை. சாண்டர்சனும் அதற்கு விளக்கம் ஒட்டவில்லை. மற்றவர் கையில் கிடைத்த பிரதிக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

படிக்க விரும்புவோர் கடைசிப் பாகத்தைத் தனியே எடுக்க வேண்டாம். முதல் பாகத்திலிருந்தே தொடங்குங்கள். எட்டு முதல் பத்து வரையிலான பாகங்களில் கதை நத்தைபோல் நகரும், அங்கே மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.