ஒரு நாள் விடுப்பு



வெள்ளிவிழா மேடையில் பெரும் பொருள்களைப் பேசுவது மரபு. நாம் பேச எடுத்துக்கொண்டதோ மிகச் சிறியது. ஜப்பானிய மொழித் தேர்வெழுத வேலையிலிருந்து ஒரு நாள் விடுப்பு எடுப்பதைப் பற்றியே இவ்வுரை.

ஜப்பானிய மொழி நமக்கெதற்கு என்று கேட்போர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் வரை சென்று வரட்டும். நம் மாவட்டத்திலேயே ஜப்பானியத் தொழிலகங்கள் உள்ளன. நம் பிள்ளைகள் அங்கே உழைக்கின்றனர். 2019 ஏப்ரலில் ஜப்பான் அரசு திறன்பெற்ற அயல்நாட்டுத் தொழிலாளர்க்கெனத் தனி விசா முறையைத் தொடங்கியது. அதற்குரிய மொழித் தகுதிகளுள் இத்தேர்வின் என்4 நிலையும் ஒன்று. மொழியும் நமக்கு அத்துணை அயலானதன்று. வினை வாக்கியத்தின் இறுதியில் நிற்கிறது; வேற்றுமை உருபு பெயரின் பின்னே வருகிறது. சீனத்திலிருந்து வந்த காஞ்சி எழுத்துகளே கடினம். (நம் ஊரின் பெயரை ஒத்திருப்பதனால் அவை எளிதாகிவிடமாட்டா!)

அண்ணல் அம்பேத்கர் பள்ளியில் சமஸ்கிருதம் கற்க விரும்பியபோது பிறப்பைக் காட்டி மறுத்தனர். அவர் பாரசீகம் கற்றார். இத்தேர்வின் விடைத்தாளை இயந்திரம் திருத்துகிறது. அது எவர் தெருவையும் விசாரிப்பதில்லை. இதனால் ஜப்பான் இழிவற்ற நாடென்று நாம் கூறவரவில்லை. அங்கே புராக்குமின் மக்கள் மீதிருந்த இழிவை 1871-ஆம் ஆண்டின் அரசாணை ஏட்டில் நீக்கியது. சமூகத்தில் அது நீங்காமையால், 1922-இல் அம்மக்கள் சுயிஹெய்ஷா என்னும் இயக்கம் கண்டு போராடினர். செல்வோர் இதனையும் அறிந்தே செல்லவேண்டும்.

இனித் தேர்வுக்கு வருவோம். 1984 முதல் நடைபெற்றுவரும் இத்தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் முதல் ஞாயிறன்று நடத்தப்படுகிறது. நமக்கு அணித்தான மையம் சென்னை. ஞாயிறுதானே, விடுப்பெதற்கு என்பர் சிலர். ஷிப்டு வேலையில் வார ஓய்வு எல்லோர்க்கும் ஞாயிறன்று வருவதில்லை. வந்தாலும், சனிக்கிழமை இரவு ஷிப்டு முடிவது ஞாயிறு காலையில். அங்கிருந்து நேரே பேருந்தேறிச் சென்று தேர்வெழுதித் தோற்ற இளைஞர்களை நாம் அறிவோம். அவர்கள் படிக்காமல் தோற்றவர்கள் அல்லர். என்5 நிலையில் மொத்த மதிப்பெண் 180. தேர்ச்சிக்கு 80 போதும். ஆயினும் கேட்டறிதல் பகுதியில் 60-க்கு 19 பெறாவிடில், மொத்தம் எவ்வளவிருப்பினும் தேர்ச்சி இல்லை. அப்பகுதியோ கடைசியில் வருகிறது. ஒலிப்பதிவு ஒருமுறையே ஒலிக்கும். இரவெல்லாம் இயந்திரத்தின் முன் நின்ற செவிக்கு அப்போது உறக்கம்தான் கேட்கும். ஆகவே விடுப்பு வேண்டுவது ஞாயிற்றுக்கு மட்டுமன்று, சனி இரவுக்குமாகும்.

விடுப்புக் கேட்க நம் இளைஞர் கூசுகின்றனர். பாட்டிக்கு உடல்நலமில்லை என்று எழுதுகின்றனர். எதற்கு இந்தப் பொய்? 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்தவர் அண்ணலே. ஆலைத் தொழிலாளிக்குச் சம்பளத்துடன் விடுமுறை அளிக்கும் சட்டத்திருத்தம் 1945-இல் நிறைவேறியது அவர் பொறுப்பிலிருந்த காலத்தில்தான். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், ஆண்டில் 240 நாள் உழைத்தவர்க்கு இருபது நாளுக்கொரு நாள் விடுப்பென வகுத்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டம் 240 நாளை 180 ஆகக் குறைத்துள்ளது. உழைத்துச் சேர்த்த நாளைக் கேட்பது பிச்சையன்று. தேர்வு நாள் பல மாதங்கட்கு முன்பே தெரிந்துவிடுகிறது. “ஜப்பானிய மொழித் தேர்வு எழுதும் பொருட்டு” என்றே விண்ணப்பத்தில் எழுதி, முன்கூட்டியே கொடுத்து, ஒரு படியை வைத்துக்கொள்ளுங்கள்.

தறியில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு எந்த மேலாளரும் இல்லை, விடுப்பும் இல்லை. புடவைக் கணக்கில் கூலி. கோர்வைப் புடவையில் உடலுக்கும் கரைக்கும் நாடா வேறுவேறு. நெய்பவர் ஒருவர், கரை நாடாவைக் கையாளத் துணையிருப்பவர் மற்றொருவர். மகன் எழுந்து சென்றால் தந்தையின் தறியும் நிற்கும். ஒருவர் தேர்வுக்கு இருவர் கூலி போகிறது. “அடுத்த முறை எழுதலாம்” என்று தந்தை கூறுவது கல்வியின்மேல் வெறுப்பினாலன்று. அந்த வாரத்து அரிசியை எண்ணியே கூறுகிறார். இவர்க்குச் சட்டம் ஏதும் துணைவரவில்லை. சங்கந்தான் வரவேண்டும்.

தேர்வுக் கட்டணத்திற்கு உதவுவதோடு நில்லாமல், தறிக் குடும்பம் இழக்கும் ஒரு நாட்கூலியையும் வெள்ளிவிழா நிதியிலிருந்து ஈடுசெய்ய வேண்டுமென நாம் இங்கு முன்மொழிகிறோம். அன்று துணையாளாய் அமர வேறொருவர் முன்வந்தால் இன்னும் நன்று; தறியும் நிற்காது. உறுப்பினர்கள் இதனை இக்கூட்டத்திலேயே விவாதித்து முடிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

தேர்வெழுத விரும்புவோர் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். ஆலையில் இருப்போர் அந்தச் சனிக்கிழமை தமக்கு எந்த ஷிப்டு என்பதையும், தறியில் இருப்போர் உடன் நெய்பவர் யார் என்பதையும் பெயருக்கு நேரே எழுதுங்கள்.