சுவருக்கு ஏற்ற கருவி எது?



புத்தளம் மாவட்டத்தின் கடற்கரையோரத்தில், சிலாபம் தொடக்கம் உடப்பு, முந்தல், கற்பிட்டி வரையில் வீடு கட்டுவோர் யாவரும் அறிந்த தொல்லை உப்பு. சுவரில் ஊறிய நீர் உப்பையும் உடன் சுமந்து வருகின்றது. நீர் ஆவியாகிப் போக, உப்பு வர்ணப் படலத்தின் கீழே தங்கிப் பூத்து, அப்படலத்தை உரித்துத் தள்ளுகின்றது. ஆகையால் உட்சுவருக்கு வர்ணம் தீட்ட விரும்புவோர், தெளிகருவியா உருளைத் தூரிகையா என்று ஆராயுமுன், சுவர் காய்ந்திருக்கின்றதா என்று பார்த்தல் வேண்டும்.

சோதனை எளிது. ஒரு முழ அகலமான பொலித்தீன் துண்டைச் சுவரில் நான்கு புறமும் ஒட்டி, ஓரிரு நாள் விட்டுவையுங்கள். உட்புறத்தில் நீர்த்துளி கண்டால், ஈரம் இன்னும் நீங்கவில்லை. புதிய சீமெந்துப் பூச்சாயின் ஒரு மாதமேனும் பொறுத்தல் நன்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த சுவரையும் ஆறவிடுங்கள். பூத்த உப்பை உலர்ந்த தூரிகையால் துடைத்தெடுங்கள். நீரூற்றிக் கழுவினால் அது மீண்டும் உள்ளே போய்விடும். ஈரம் வரும் வழியை அடைக்காவிடில் எந்தக் கருவியும் பயன் தராது.

இனிக் கருவிகளுக்கு வருவோம். 1893ஆம் ஆண்டு சிக்காகோ நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியின் மாபெரும் கட்டடங்களுக்கு, காலம் போதாமையால், தெளிகருவி கொண்டு வெண்பூச்சு அடித்தார்கள். தெளிகருவியின் சிறப்பும் வரம்பும் இதிலேயே விளங்கும். பரந்த இடமும் வெறுமையான கட்டடமும் இருந்தால் அது வெகு விரைவாக வேலையை முடிக்கும். கதவு, யன்னல் பொருத்தாத புதுவீடு, பாடசாலை மண்டபம், பூக்கல் பதித்த சுவர் ஆகியவற்றுக்கு அது ஏற்றது.

குடியிருக்கும் வீட்டின் நிலைமை வேறு. கட்டில், அலுமாரி, தரை, மின்விளக்கு அனைத்தையும் மூடிக் கட்டவேண்டும். தெளிப்பது சில நிமிடம், மூடுவதோ அரைநாள். சோளகக் காற்று வீசும் மாதங்களில் யன்னலைத் திறந்தால் வர்ணத் துளிகள் அயல்வீடு வரை பறக்கும். சாத்தினால் தொழிலாளியின் நெஞ்சுக்குள் போகும். தகுந்த முகமூடி இன்றித் தெளிப்பது ஆகாது. உயர் அழுத்தத் தெளிகருவியின் முனைக்கு நேரே கையை நீட்டவே கூடாது. அதன் வேகம் தோலைத் துளைத்து வர்ணத்தை உள்ளே செலுத்தும். காயம் சிறு புள்ளியாகத் தோன்றினும், தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

செலவையும் கணக்கிடுவோம். பன்னிரண்டடி நீளமும் பத்தடி அகலமும் பத்தடி உயரமும் கொண்ட அறையில், கதவு யன்னல் நீங்கலாக ஏறக்குறைய 400 சதுர அடிச் சுவர் உண்டு. லீற்றர் ஒன்று நூறு சதுர அடிக்குப் போதுமானால், இருமுறை பூச எட்டு லீற்றர் வேண்டும். தெளிக்கையில் காற்பங்கு காற்றோடு போனால், பத்தரை லீற்றருக்கு மேல் செல்லும். கடன்பட்டு வீட்டைத் திருத்தும் மீனவக் குடும்பத்துக்கு இது சிறு தொகையன்று.

மற்றுமொன்று. கற்பிட்டித் தீபகற்பத்தின் மண் மணற்பாங்கானது. நிலத்தடி நீர் ஆழமின்றியே கிடைக்கின்றது. தெளிகருவியின் குழாயைக் கழுவ நிறைய நீர் வேண்டும். அக்கழிவு நீரைக் கிணற்றருகே கொட்டினால் குடிநீரே கெடும். உருளைத் தூரிகையில் எஞ்சிய வர்ணத்தைப் பழைய கடதாசியில் உருட்டித் துடைத்தபின், சிறிதளவு நீரால் கழுவினாற் போதும். அந்நீரையும் கிணற்றுக்குத் தொலைவிலேயே ஊற்றுங்கள்.

உருளைத் தூரிகைக்கும் குறையுண்டு. மூலைகளுக்கு அது எட்டாது. அங்கே சிறு தூரிகை வேண்டும். வேலையும் மெதுவானதே. ஆயினும் வீட்டுப் பெண்கள் தாமே எடுத்து, ஓய்ந்த வேளையில் ஓர் அறையாகப் பூசி முடிக்கலாம். பின்னர் ஓரிடத்தில் உப்புப் பூத்தால், அவ்விடத்தை மட்டும் சுரண்டி, மீதி வைத்த வர்ணத்தை அதே உருளையாற் பூசலாம்.

ஆகவே, வெறுமையான பெரிய புதுக்கட்டடமாயின் பழகிய தொழிலாளியின் கையில் தெளிகருவியைக் கொடுங்கள். தெளித்த முதற் பூச்சு ஈரமாக இருக்கும்போதே உருளையால் ஒருமுறை உருட்டினால், வர்ணம் சுவரில் நன்கு படியும். பிள்ளைகளும் முதியோரும் வாழும் வீடாயின் உருளைத் தூரிகையே போதும். எதுவாயினும், சுவர் காயும் வரை பொறுத்திருங்கள்.