கனலும் சொல்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



ஆங்கிலத்தில் ‘இன்கேண்டசென்ட்’ என்றொரு பெயரடை உண்டு. வெப்பத்தின் மிகுதியால் தானே ஒளிவிடும் பொருளை அது குறிக்கும். அடங்காச் சினம் கொண்டவரையும், மேடையில் சுடர்விடும் நடிப்பையும் இதே சொல்லால் சுட்டுவர். வீடுகளில் எரிந்த குண்டு பல்புக்கும் ஆங்கிலத்தில் இதுவே அடைமொழி. அதன் டங்ஸ்டன் இழை ஏறத்தாழ 2,500 பாகை செல்சியசில் ஒளிர்ந்தது.

இச்சொல்லின் வேர் இலத்தீன். வெண்மையாய் ஒளிர்தல் என்பது அவ்வேரின் பொருள். பதவி நாடிய உரோமானியர் சுண்ணப்பொடியால் வெளுத்த ஆடை அணிந்தனர். ‘கேண்டிடேட்’ என்ற சொல் அங்ஙனம் பிறந்தது. வெள்ளாடை மரபு தமிழ்நாட்டிலும் தழைத்திருப்பதைச் சொல்ல வேண்டியதில்லை! ஆயின் தமிழில் அவர் வேட்பாளர். ‘வேள்’ என்னும் விருப்பத்தின் வேரில் முளைத்தவர். அங்கே ஆடையின் நிறம் பெயராயிற்று. இங்கே உள்ளத்தின் வேட்கை பெயராயிற்று.

அந்த வேட்கையைத் தமிழ் இலக்கணம் வெப்பத்தோடு இணைத்தது என்பதே வியப்பு. ‘வெம்மை’ என்னும் உரிச்சொல்லுக்கு விருப்பம் என்று பொருள் காண்கிறது தொல்காப்பிய உரியியல். சங்கப் பாடல்களில் ‘வெய்ய’ என்பது கொடியதையும் குறிக்கும், விரும்பப்படுவதையும் குறிக்கும். வெயிலும் வெந்நீரும் வெஞ்சினமும் பிறந்த அதே குடியில் காதலும் பிறந்திருக்கிறது. இந்தச் செல்வம் ஆங்கிலப் பெயரடைக்கு இல்லை.

இனி நிறம். தமிழ்க் கவிதையில் சினத்தின் உச்சம் சிவப்பு. கண் சிவக்கும், முகம் சிவக்கும். ஆரணிக்கு வடகிழக்கே, கும்மிடிப்பூண்டி சிப்காட் வட்டாரத்து ரோலிங் மில்லில் உலைமுன் நிற்கும் தொழிலாளி இதை ஒப்புக்கொள்ள மாட்டார். இரும்பு சிவப்பது தொடக்கம். 700 பாகையளவில் அது மங்கிய செந்நிறம். உருட்டுவதற்குரிய 1,100, 1,200 பாகையில் செம்மஞ்சளும் மஞ்சளுமாக ஒளிரும். வெண்மை அதற்கும் மேலே. சிவப்பிலேயே நின்றுவிடும் கவிதை, உலை நன்கு சூடேறுமுன் இரும்பை வெளியே இழுத்தது போன்றது. ‘பழுக்கக் காய்ச்சுதல்’ என்று உலைக்களம் சொல்லும் சொல்லில் கனியின் முதிர்ச்சி இருக்கிறது. இதைவிட அழகிய தமிழாக்கம் அந்தப் பெயரடைக்கு எங்கே கிடைக்கும்?

மொழிபெயர்ப்பாளர் பலர் அச்சொல்லைக் கண்டதும் ‘மிகக் கடுங்கோபத்துடன்’ என்று எழுதிக் கடந்துவிடுகின்றனர். ‘மிக’ அளவைச் சொல்லும், ஒளியைக் காட்டாது. மிகுதி குறிக்கத் தொல்காப்பியம் மூன்று உரிச்சொற்களையும் நன்னூல் ஆறையும் தந்துள்ளன. நனி, தவ, கழி ஆகியன அவற்றுட் சில. அவை இன்று மேடையில் மட்டும் ஒலிக்கின்றன. பேச்சில் ‘பயங்கரம்’ என்னும் சொல் அந்த வேலையை ஏற்றது. பயங்கரமான அழகு, பயங்கரமான சுவை என்று சொல்லிச் சொல்லி அச்சம் அதிலிருந்து கழன்றுவிட்டது. உண்மையான பேரச்சம் நேரும் நாளில் கவிஞர் எந்தச் சொல்லை எடுப்பார்?

‘கொதித்தான்’ என்பதும் போதாது. திறந்த பானையில் கொதிக்கும் நீர் 100 பாகையைத் தாண்டுவதில்லை. அது ஆவியாகுமே அன்றி ஒளிராது. ‘கனன்றான்’ என்று எழுதினால் கதை வேறு. கனல் என்பது கரியின் உள்ளிருந்து எழும் ஒளி. வெப்பம், ஒளி, சினம் மூன்றும் அந்த ஒரு வினையில் உண்டு. ‘மிக’ என்னும் ஊன்றுகோல் வேண்டியதில்லை. நடிப்புக்கும் அழகுக்கும் அது பொருந்தாது. அவ்விடத்தில் ‘சுடர்ந்தாள்’ என்பதே தகும். ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்கியதைத் தமிழ் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. எது எவ்விடத்தில் என்று தேர்வது எழுதுவோர் பொறுப்பு.