பேரியம் டைட்டனேட்: சேர்மானமும் சூளையும்



பெரோவ்ஸ்கைட் என்றாலே இன்று சூரிய மின்கலம்தான் பலருக்கும் ஞாபகம் வருகிறது. நான் பேச வந்திருப்பது அதைவிட மூத்த பெரோவ்ஸ்கைட்டான பேரியம் டைட்டனேட் பீங்கானைப் பற்றி. இரண்டாம் உலகப் போரின்போது மின்தேக்கிகளுக்கு மைக்கா போதவில்லை. தரமான மைக்காவுக்கு உலகம் அன்று பெரிதும் இந்தியாவையே நம்பியிருந்தது. கடல்வழியோ ஆபத்தில் இருந்தது. மாற்றுப் பொருள் தேடியதில் அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், ஜப்பான் மூன்றிலும் தனித்தனியே இது அகப்பட்டது. அதுவரை கையிலிருந்த டைட்டானியம் டையாக்சைடின் மின்காப்பு மாறிலி 100 அளவுதான். இதற்கு ஆயிரத்துக்கும் மேல்.

எத்தனை ஆயிரம் என்று கேட்டால் வாய்பாடு பதில் சொல்லாது. ஒரே தூளை அதிகம் சுட்டு, படிகப் பரல்களைப் பத்திருபது மைக்ரானுக்கு வளரவிட்டால், அறை வெப்பநிலையில் 1,500 முதல் 2,000 வரை வரும். ஒரு மைக்ரானிலேயே வளர்ச்சி நிற்கும்படி சுட்டால் 5,000 வரை ஏறும். பரல்களை இன்னும் சிறிதாக்கினால் மறுபடி இறங்கிவிடும். வேதிப் பகுப்பாய்வுக்கு அனுப்பினால் மூன்றுக்கும் ஒரே அறிக்கைதான் கிடைக்கும்.

சேர்மானத்தின் பங்கு குறைவு என்று சொல்ல வரவில்லை. தூய பேரியம் டைட்டனேட்டில் தன்னிச்சையான மின்முனைவாக்கம் மறையும் கியூரி வெப்பநிலை 120 பாகை செல்சியஸை ஒட்டியது. ஸ்ட்ரான்சியம் சேர்த்தால் அது இறங்கும், ஈயம் சேர்த்தால் ஏறும். இதை வேண்டிய இடத்தில் கொண்டுபோய் நிறுத்தலாம். ஆனால் லாந்தனம் சேர்க்கும்போது கதை வேறு. இரு இணைதிறன் கொண்ட பேரியத்தின் இடத்தில் மூன்று இணைதிறன் கொண்ட லாந்தனம் உட்கார்ந்தால் ஓர் எலக்ட்ரான் மிஞ்சும். கால் சதவீதம் போதும், மின்காப்பான் குறைக்கடத்தி ஆகிவிடும். கூடுதலாகப் போட்டால் இன்னும் நன்றாகக் கடத்தும் என்றுதானே நினைப்போம்? காற்றில் சுட்டால், அரைச் சதவீதத்தைத் தாண்டியதும் பரல்கள் வளராமல் நின்று, பொருள் மறுபடி மின்காப்பான் ஆகிவிடும்.

இந்தக் குறைக்கடத்தி உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். திரவக் கொசுவிரட்டி பலவற்றிலும், திரியைச் சுற்றிய வளையத்தை ஒட்டி, இரு முகத்திலும் உலோகம் பூசிய சிறு வில்லை ஒன்று உண்டு. (ப்ளக்கைப் பிடுங்காமல் கழற்றிப் பார்க்காதீர்கள்!) மின்சாரம் பாய்ந்தால் சூடேறும்; கியூரி வெப்பநிலையைத் தாண்டியதும் அதன் மின்தடை ஆயிரம் மடங்குக்கும் மேல் எகிறும்; சூடு தானாகவே அங்கே நின்றுவிடும். தனியாகத் தெர்மோஸ்டாட் தேவையில்லை.

எகிறும் அந்த மின்தடை பரல்களின் உள்ளே பிறப்பதில்லை, பரல் எல்லைகளில் பிறக்கிறது. சுட்டு ஆறும்போது காற்றிலுள்ள ஆக்சிஜன் எல்லைகள் வழியே நுழைந்து, அங்கே எலக்ட்ரான்களைப் பிடித்துவைக்கும் தளங்களை உண்டாக்குகிறது; அவை மின்னோட்டத்துக்குத் தடுப்பாகின்றன. கியூரி வெப்பநிலைக்குக் கீழே பொருளின் மின்முனைவாக்கம் அந்தத் தடுப்பை ஈடுகட்டிவிடும்; மேலே போனால் தடுப்பு தலைதூக்கும். அதே வில்லையை ஹைட்ரஜன் கலந்த வாயுவில் சுட்டு அப்படியே ஆறவிட்டால், கடத்தும். ஆனால் சூட்டில் மின்தடை எகிறாது. என் கணிப்பில் மின்தடையை எகிறவைப்பது லாந்தனத்தைவிட ஆறும் நேரம்தான்.

கைப்பேசிக்குள் நூற்றுக்கணக்கில் இருக்கும் பல்லடுக்கு மின்தேக்கிகளில் சிக்கல் நேர்மாறானது. பல்லேடியம் விலை கட்டுப்படியாகாமல் நிக்கல் மின்வாய்க்கு மாறினார்கள். காற்றில் சுட்டால் நிக்கல் கெடும். ஆக்சிஜன் குறைந்த வாயுவில் சுட்டால் பீங்கான் ஆக்சிஜனை இழந்து, கருநீலமாகி, மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். மாங்கனீஸ் போன்றவற்றைச் சிறிது சேர்த்து, மிஞ்சும் எலக்ட்ரான்களைக் கட்டிப்போட்டார்கள். சூளைக்குள்ளிருக்கும் வாயு சேர்மானத்தையே மாற்றவைத்தது.

நம் ஆய்வேடுகளில் பலமுறை பார்க்கிறேன்: ‘1,350 பாகையில் நான்கு மணி நேரம் சுடப்பட்டது’ என்ற ஒரு வரியோடு செய்முறை முடிந்துவிடுகிறது. எந்த வாயுவில், நிமிடத்துக்கு எத்தனை பாகை வீதம் ஆறியது, அரைத்த கலத்திலிருந்து இரும்பு கலந்ததா என்பதெல்லாம் இல்லை. இளம் ஆய்வாளர்களே, நாளையிலிருந்து உங்கள் குறிப்பேட்டில் உலை ஆறிய விவரத்தையும் எழுதிவையுங்கள்.